பேட் வச்சிருக்கவனே அம்பயரா இருந்தா..? காலியாகும் ஆர்.பி சர்வர்களும் கொதிக்கும் ப்ளேயர்களும்!

ராத்திரி 11 மணி. பக்கத்து அறையில் உங்கள் மகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "சார், லைசென்ஸ் வீட்ல இருக்கு சார்... இந்த ஒரு தடவை விட்ருங்க சார்" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருக்கிறானா? பதறாதீர்கள். எந்த போலீஸிலும் அவன் மாட்டவில்லை. ஆர்.பி விளையாடுகிறான். அந்த 'சார்' கோயம்புத்தூரிலோ துபாயிலோ உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையனாக இருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து அதே மகன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அட்மின் அவன் ஃப்ரெண்டுக்கு மட்டும்தான்மா சப்போர்ட் பண்றான். எனக்கு ஒரு மாசம் பேன் போட்டுட்டான்" என்று புலம்பலாம். 'கேம்தானேடா, வேற கேம் ஆடு' என்பதுதான் நம்மில் பலருடைய பதிலாக இருக்கும். அந்தப் பதிலைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் ஏன் இன்னும் ஏறுகிறது தெரியுமா? அவன் இழந்தது ஒரு ஊரை!

ஆர்.பி என்றால் என்ன?

ஆர்.பி என்பது ரோல்ப்ளே. ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதன் குரலில் பேசி, அதன் வாழ்க்கையை வாழ்வது. இன்று நம் பிள்ளைகள் அதிகம் ஆடுவது ஜி.டி.ஏ ஆர்.பி. 2013-ல் ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட ஜி.டி.ஏ 5 விளையாட்டை எடுத்து, ஃபைவ்எம் என்ற மென்பொருளின் உதவியோடு, யார் வேண்டுமானாலும் தங்களுக்கென ஒரு தனி சர்வரை நடத்தலாம். முதலில் ராக்ஸ்டாருக்கே இது பிடிக்கவில்லை. 2015-ல் ஃபைவ்எம் உருவாக்கியவர்களின் கணக்குகளை முடக்கியது. பிறகு கூட்டம் சேர்வதைப் பார்த்து மனம் மாறி, 2023 ஆகஸ்டில் ஃபைவ்எம் குழுவையே தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இதற்கு உலக அளவில் பெரிய வெளிச்சம் கிடைத்தது 2021-ல். அந்த ஆண்டு பிப்ரவரியில் நோபிக்ஸல் என்ற சர்வரின் 3.0 பதிப்பு வந்தபோது, ட்விட்ச் தளத்தின் பெரிய ஸ்ட்ரீமர்கள் பலர் அதற்குள் குடியேறினார்கள். லாக்டௌனில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த இளைஞர்கள் பார்த்தார்கள், ரசித்தார்கள், 'நாமும் ஆடலாமே' என்று இறங்கினார்கள். இந்தியாவிலும் சர்வர்கள் முளைத்தன. தமிழில் பேசி ஆடும் சர்வர்களும் வந்தன.

இந்த விளையாட்டில் ஜெயிப்பது, தோற்பது என்று எதுவும் இல்லை. டாக்ஸி ஓட்டலாம், மெக்கானிக் ஷெட் வைக்கலாம், போலீஸ் ஆகலாம், கேங் ஆரம்பிக்கலாம். முதல் நாள் கையில் காசில்லாமல் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மாதிரி வந்து நிற்கும் உங்கள் கேரக்டருக்கு, ஆறு மாதத்தில் வேலை, வீடு, நண்பன், எதிரி எல்லாம் கிடைத்துவிடும். அத்தனையும் யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது? சர்வர் ஓனருடைய கணக்கில். அவர் ஒரு பட்டனை அழுத்தினால் உங்கள் ஆறு மாத வாழ்க்கை காலி!

ஊர் என்றால் பஞ்சாயத்து வேண்டாமா?

இந்த ஊருக்குச் சட்டங்கள் உண்டு. காரணமே இல்லாமல் ஒருவரைச் சுட்டால் 'ஆர்.டி.எம்'. வண்டியை ஏற்றிக் கொன்றால் 'வி.டி.எம்'. யூடியூப் லைவில் எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு, கேமுக்குள் போய் அவனைப் பிடித்தால் 'மெட்டாகேமிங்'. நெற்றியில் துப்பாக்கி வைத்த பிறகும் பயமே இல்லாமல் எகிறினால் 'ஃபெயில் ஆர்.பி'. மீறுகிறவர்களுக்கு எச்சரிக்கை, கிக், பேன் என்று படிப்படியாகத் தண்டனை.

தீர்ப்பு சொல்லத்தான் ஸ்டாஃப். ஹெல்பர், மாடரேட்டர், அட்மின், மேனேஜ்மென்ட் என்று டிஸ்கார்டில் கலர் கலராகப் பட்டங்கள். இவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். அதோடு, இவர்களும் ப்ளேயர்கள்தான். பிரச்னை தொடங்குவதே இங்கேதான்.

தெரு கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பேட் வைத்திருப்பவன்தான் கேப்டன். அவன் அவுட் ஆனால் அது 'ட்ரையல் பால்'. ரொம்பப் பேசினால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அன்று நாம் சகித்துக்கொண்டோம். ஏனென்றால் ஆட்டம் ஒரு சாயங்காலத்தோடு முடிந்துவிடும். ஆர்.பி சர்வரில் அந்த சாயங்காலம் ஒரு வருஷம் ஓடுகிறது!

கோபம் எங்கிருந்து வருகிறது?

ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். நீங்களும் உங்கள் கேங்கும் மூன்று நாள் திட்டமிட்டு ஒரு பேங்க்கைக் கொள்ளையடிக்கிறீர்கள். துரத்தி வந்த எதிர் கேங்கை மடக்கிப் பணத்தோடு தப்பிக்கிறீர்கள். பத்து நிமிஷத்தில் டிஸ்கார்டில் அறிவிப்பு வருகிறது: 'சிச்சுவேஷன் வாய்டு. பணம் திரும்ப எடுக்கப்படும்.' காரணம் கேட்டால், 'ஸ்டாஃப் டிசிஷன் இஸ் ஃபைனல்.' பிறகு விசாரித்தால், தீர்ப்பு சொன்ன அட்மினின் இன்னொரு கேரக்டர் அந்த எதிர் கேங்கில்தான் இருக்கிறது.

அவர் சொன்ன தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கலாம். உங்கள் கேங் உண்மையிலேயே ஒரு ரூலை மீறியிருக்கலாம். ஆனால் அதை நீங்கள் நம்புவீர்களா? தன் வீட்டுக் கேஸைத் தானே விசாரிக்கும் நாட்டாமையின் தீர்ப்பு நியாயமாகவே இருந்தாலும் ஊர் அதை நம்பாது.

ப்ளேயர்களின் புலம்பலைக் கேட்டுப் பாருங்கள். சர்வர் பெயர்தான் மாறும், விஷயம் ஒன்றுதான். டிக்கெட் போட்டால் மூன்று நாளைக்குப் பதில் வராது, ஆனால் அட்மினின் நண்பன் புகார் சொன்னால் மூன்று நிமிஷத்தில் ஆக்‌ஷன். ராத்திரியோடு ராத்திரியாக ரூல் மாறும், காலையில் அதை மீறியதாகப் பேன் விழும். அப்பீல் போட்டால், பேன் போட்ட அதே ஆள்தான் அப்பீலையும் படிப்பார். டொனேஷன் கொடுத்தவருக்கு க்யூவிலும் முன்னுரிமை, தண்டனையிலும் தள்ளுபடி. இதையெல்லாம் பொதுவில் கேட்டால், 'டாக்ஸிக் ப்ளேயர்' என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

தண்டனையைவிட, காரணம் சொல்லப்படாத தண்டனைதான் இவர்களை அதிகம் சுடுகிறது. 'மூணு நாள் பேன், இந்த க்ளிப்ல 2-வது நிமிஷத்துல நீ பண்ணது வி.டி.எம்' என்று சொன்னால், திட்டிக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். 'ஃபெயில் ஆர்.பி' என்று இரண்டே வார்த்தையில் முடித்தால் யாரால் ஏற்க முடியும்?

அட்மின் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போமா?

நியாயமாக, மறுபக்கத்தையும் பேச வேண்டும். அட்மின் என்றதும் ஏதோ அதிகார போதை பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பல சர்வர்களில் அவர் 20 வயது காலேஜ் பையன். நாளை இன்டர்னல் எக்ஸாம். ராத்திரி 1 மணிக்கு, நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் ஒரு சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டும். யார் பக்கம் சொன்னாலும் மற்றவர்கள் அவரைத் திட்டுவார்கள். அவர் விளையாட வந்தவர்; இப்போது விளையாடவே நேரமில்லை.

சர்வர் வாடகை, ஸ்கிரிப்ட் செலவு, ஹேக்கர் தொல்லை எல்லாம் ஓனர் தலையில். வருமானத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நிஜப் பணத்துக்கு லூட் பாக்ஸ் விற்கக் கூடாது, கிரிப்டோ, என்.எஃப்.டி எல்லாம் கூடாது என்று 2022 நவம்பரில் ராக்ஸ்டார் விதிமுறை வெளியிட்டது. அதனால் நாலு பெரிய டோனர்களைப் பகைத்துக்கொள்ள ஓனருக்குத் துணிச்சல் வருவதில்லை.

சம்பளமில்லா உழைப்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 90-களில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல் நிறுவனத்தின் சாட் ரூம்களையும் செய்திப் பலகைகளையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கவனித்துக்கொண்டார்கள். 'நாங்கள் செய்தது ஊழியர் வேலை, ஊழியர் கூலி எங்கே?' என்று அவர்களில் சிலர் 1999-ல் வழக்குப் போட்டார்கள். 2010-ல் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நம் ஊர் சர்வர் அட்மின்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை. காசாகக் கிடைக்காத கூலியைச் சிலர் அதிகாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். நண்பனுக்கு ஒரு கார், தன் கேங்குக்கு ஒரு சலுகை!

30 வருஷத்துக்கு முன்பே நடந்த பஞ்சாயத்து

'அப்படியானால் அட்மினே வேண்டாம், ப்ளேயர்களே முடிவெடுக்கட்டும்' என்று தோன்றுகிறதா? அதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார்.

1990-ல் அமெரிக்காவின் ஸெராக்ஸ் பார்க் ஆய்வு மையத்தில் இருந்த பாவெல் கர்ட்டிஸ், லாம்ப்டாமூ என்ற ஆன்லைன் உலகத்தைத் தொடங்கினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'நான் கதவைத் திறந்து உள்ளே வருகிறேன்' என்று டைப் அடித்தால் வந்துவிட்டதாக அர்த்தம். அட்மின்களுக்கு அங்கே 'விஸார்டு' என்று பெயர். மந்திரவாதிகள்! தினம் தினம் சண்டைத் தீர்த்து அலுத்துப்போன கர்ட்டிஸ், 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 'இனி விஸார்டுகள் தொழில்நுட்ப வேலை மட்டும் பார்ப்பார்கள். உங்கள் பிரச்னைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்' என்பது அதன் சாரம்.

சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. 1993-ல் ஒரு பயனர், மற்றவர்களின் கேரக்டர்கள் மீது எழுத்தாலேயே பாலியல் வன்முறையை நிகழ்த்தினார். ஊரே கூடி விவாதித்தது. தண்டிப்பது யார், எப்படி என்று முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் ஒரு விஸார்டு தனியாளாக முடிவெடுத்து அந்தக் கணக்கை அழித்தார். அதற்குப் பிறகு மனு, வாக்கெடுப்பு, நடுவர் விசாரணை என்று முறைகள் வந்தன. அவையும் சண்டையிலும் இழுபறியிலும் சிக்கின. 1996-ல் விஸார்டுகள் மீண்டும் வந்து, 'தொழில்நுட்ப முடிவு வேறு, சமூக முடிவு வேறு என்று பிரிக்கவே முடியாது. இனி நாங்களும் முடிவெடுப்போம்' என்று அறிவித்துவிட்டார்கள்.

அட்மின் இல்லாமல் ஊர் நடக்காது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அட்மினை யார் கேள்வி கேட்பது என்பதற்கு இன்று வரை பல சர்வர்களில் பதில் இல்லை.

வேர்க்கடலை மூட்டை சொல்லும் பாடம்

ஒரு சர்வர் எப்படிக் காலியாகிறது என்று பாருங்கள். தினமும் 100 பேர் இருந்த ஊரில் 40 பேர் ஆகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 60 பேர்தான் குறைந்திருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டராக ஆட ஆள் இல்லை. போலீஸ் ரெண்டே பேர். குறைந்தது நாலு போலீஸ் இருந்தால்தான் பேங்க் கொள்ளை என்று ரூல் இருந்தால், கேங்குகளுக்கும் வேலை இல்லை. மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியே வராது. மிச்சமிருக்கும் 40 பேருக்கும் போரடிக்கும். ஆள் குறைந்ததால் சுவாரஸ்யம் குறையும், சுவாரஸ்யம் குறைந்ததால் ஆள் குறையும்.

இதில் யார் முதலில் போகிறார்கள் என்பதுதான் முக்கியம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர், 1970-ல் வெளியான தன் புத்தகத்துக்கான பொறி நைஜீரியாவின் ரயில்வேயில் கிடைத்ததாகச் சொல்கிறார். வடக்கு நைஜீரியாவிலிருந்து 800 மைல் தள்ளியுள்ள துறைமுகத்துக்கு வேர்க்கடலை மூட்டை போக வேண்டும். ரயில் சேவையோ படுமோசம். லாரிகள் போட்டிக்கு வந்தன. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்றுதானே நாம் நினைப்போம்? திருந்தவில்லை. ஏனென்றால் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்டு, சண்டை போட்டிருக்கக்கூடியவர்கள் எல்லாம் லாரிக்கு மாறிவிட்டார்கள். கேள்வி கேட்க ஆள் இல்லை. அரசுப் பணம் வந்துகொண்டிருந்ததால் நஷ்டமும் ரயில்வேக்கு உறைக்கவில்லை.

ஆர்.பி சர்வரில் நடப்பதும் அச்சு அசல் இதேதான். நீளமாக டிக்கெட் எழுதுகிறவன், மீட்டிங்கில் எழுந்து கேள்வி கேட்கிறவன், 'இந்த ரூலை இப்படி மாத்தலாமே ப்ரோ' என்று யோசனை சொல்கிறவன்... இவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள், அல்லது 'டாக்ஸிக்' என்று அனுப்பப்படுகிறார்கள். மிஞ்சுவது அட்மினின் நண்பர்களும், எதையும் கண்டுகொள்ளாதவர்களும். டிஸ்கார்டு அமைதியாகிவிடும். 'பார்த்தீங்களா, டிராமா பண்றவங்க போனதும் சர்வர் எவ்ளோ நல்லா இருக்கு!' என்று மேனேஜ்மென்ட் சந்தோஷப்படும். அந்த அமைதி ஆளில்லாத வீட்டின் அமைதி.

ஆகவே அட்மின் நண்பர்களே, உங்களைத் திட்டி யாராவது மூன்று பக்கம் எழுதினால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த ஊர் தேறும் என்று இன்னமும் நம்புகிறவர்தான் மூன்று பக்கம் எழுதுவார். நம்பிக்கை போனவர் சத்தமில்லாமல் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் போவார்.

மீண்டு வந்தவர்களும் உண்டு

ஐஸ்லாந்தின் சி.சி.பி நிறுவனம் நடத்தும் ஈவ் ஆன்லைன் விளையாட்டில் 2007-ல் ஒரு விவகாரம் வெடித்தது. நிறுவன ஊழியர் ஒருவரே, மற்றவர்களுக்கு எளிதில் கிடைக்காத அரிய வரைபடங்களை விளையாட்டுக்குள் முறைகேடாக எடுத்துக்கொண்டார், அது அவர் சேர்ந்திருந்த கூட்டணிக்குச் சாதகமானது என்பது அம்பலமானது. வேலியே பயிரை மேய்ந்த கதை! நிறுவனம் என்ன செய்தது? ஊழியர்களைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு அமைத்தது. 2008-ல் ப்ளேயர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு கவுன்சிலையும் கொண்டுவந்தது.

2011-ல் கேரக்டர் போட்டுக்கொள்ளும் ஒற்றைக் கண்ணாடிக்கு 60 டாலருக்கு மேல் விலை வைத்தபோது மறுபடியும் கலவரம். ப்ளேயர்கள் விளையாட்டுக்குள்ளேயே கூடி ஒரு நினைவுச்சின்னத்தைச் சுட்டுப் போராட்டம் நடத்தினார்கள். கவுன்சில் உறுப்பினர்களை ஐஸ்லாந்துக்கே வரவழைத்துப் பேசினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த விளையாட்டு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.

நம் ஊர் சின்ன சர்வர்களுக்குத் தேர்தல் எல்லாம் வேண்டியதில்லை. சில எளிய விஷயங்கள் போதும்.

* தன் கேரக்டரோ, தன் கேங்கோ சம்பந்தப்பட்ட கேஸில் அந்த அட்மின் தீர்ப்பு சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியே பாதிப் புகாரைக் குறைத்துவிடும்.
* ஒவ்வொரு பேனுக்கும் எந்த ரூல், எந்த க்ளிப், எத்தனை நாள் என்று மூன்று வரி எழுத வேண்டும்.
* அப்பீலை, பேன் போட்டவர் அல்லாத இன்னொருவர் படிக்க வேண்டும்.
* ஃபைவ்எம் சர்வர்களில் பயன்படும் டி.எக்ஸ்.அட்மின் போன்ற கருவிகளில், எந்த அட்மின் யாரை எப்போது கிக் செய்தார் என்ற பதிவு இருக்கும். ஓனர் வாரம் ஒருமுறை அதைப் பார்த்தாலே பாரபட்சம் தெரிந்துவிடும்.
* அட்மின்களுக்கு லீவு கொடுங்கள். ஒரு மாதம் ஸ்டாஃப், அடுத்த மாதம் வெறும் ப்ளேயர் என்று சுழற்சி வையுங்கள். க்யூவில் நின்றால்தான் க்யூவின் வலி தெரியும்.

ப்ளேயர்களுக்கும் பெற்றோருக்கும்...

ப்ளேயரா நீங்கள்? புகார் சொல்லும்போது ஆளைத் திட்டாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். க்ளிப்பைச் சேமித்து வையுங்கள். ரெண்டு முறை முறையாகக் கேட்டும் பதில் வரவில்லையென்றால் மூன்றாவது முறை கத்துவதில் பயனில்லை. உங்கள் நண்பர்களின் தொடர்பை சர்வருக்கு வெளியேயும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு, கார் எல்லாம் ஓனருடைய கம்ப்யூட்டரில் இருக்கலாம். உங்கள் கேங்கின் நட்பு அங்கே இல்லை. எங்கு போனாலும் அது கூடவே வரும். அப்புறம், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் தொகைக்கு மேல் எந்த சர்வருக்கும் டொனேஷன் கொடுக்காதீர்கள்.

பெற்றோரே, ராத்திரி 1 மணி வரை விளையாடுவதைக் கண்டிப்பது உங்கள் உரிமை. தாராளமாகக் கண்டியுங்கள். ஆனால் 'அநியாயமா பேன் பண்ணிட்டாங்க' என்று பிள்ளை வந்து நிற்கும்போது சிரித்துவிடாதீர்கள். "எந்த ரூலை மீறினன்னு சொன்னாங்களா? நீ கேட்டியா? அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். அபார்ட்மென்ட் அசோசியேஷனில் கணக்குக் கேட்டதற்காக உங்களை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதேதான் அவனுக்கும். அதிகாரத்தில் இருப்பவரிடம் மரியாதையாகக் காரணம் கேட்பது எப்படி, பதில் வராத இடத்திலிருந்து மரியாதையோடு வெளியேறுவது எப்படி... இந்த இரண்டையும் உங்கள் பிள்ளை முதன்முதலில் கற்றுக்கொள்ளும் இடம் அந்த சர்வராகவே இருக்கலாம்!